மணநிலைச் சொற்கள்: பொருளும் எதிர்ச்சொல்லும் கண்டறிய எல்லையோரத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக மலையேறும் பஸ் ஒரு மணி நேரத்துக்குள் ஆரியங்காவில் இறக்கிவிட்டுவிடும். இடையில் மாநிலம் தமிழ்நாட்டிலிருந்து கேரளமாக மாறுகிறது. வீட்டுக்குள் பேசும் மொழி மாறுவதில்லை. தோட்ட வேலைக்கு வந்து மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பங்கள் தமிழில்தான் சண்டை போடுகின்றன, தமிழில்தான் தாலாட்டுகின்றன. ஆனால் அலுவலகத்தில் நீட்டப்படும் படிவம் மலையாளத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, இந்தப் படிவங்களை அவர்களுக்காக நிரப்பிக் கொடுப்பதே என் வேலையாகிவிட்டது. பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் தடையில்லாமல் ஓடும். 'வைவாஹிக நில' என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். மணநிலை என்ன? எதிரே உட்கார்ந்திருப்பவர் கீழே பார்ப்பார், அல்லது ஒரு நீண்ட கதையைத் தொடங்குவார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் வந்தார். கணவர் விட்டுப்போய் 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன் அவருக்குப் படிவம் எழுதிக் கொடுத்த யாரோ, அவர் சொன்ன 'அவர் இல்லை' என்ற இரண்டு சொல்லைக் கேட்டு 'விதவ' என்று எழுதிவிட்டார். அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். கணவரோ உயிரோடு இருக்கிறார், வேறு ஊரில், வேறு குடும்பத்தோடு. பொய் எழுதியவர் என்ற பெயர் அந்தப் பெண்ணுக்கு வந்தது. ஒரே ஒரு சொல்லுக்காக அவர் எட்டு மாதம் அலைந்தார். அன்றிலிருந்து மணநிலைச் சொற்களை நான் அகராதிப் பாடமாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

தேர்வுக்கு எதிர்ச்சொல் படிக்கும் பிள்ளைகள், வரன் விளம்பரம் எழுதும் பெற்றோர், மனு எழுதுபவர்கள் என எல்லோருக்கும் பயன்படும் என்று நினைத்து, நான் கைக்கொள்ளும் முறையை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: சொல் எந்தக் கேள்விக்குப் பதில் என்று பாருங்கள்

'விதவை' என்ற சொல்லின் எதிர்ச்சொல்லை வகுப்பில் கேட்டால் ஒரு பிள்ளை 'கன்னி' என்று எழுதும், இன்னொன்று 'மணமானவள்' என்று எழுதும், வீட்டில் பாட்டி உள்ள பிள்ளை 'சுமங்கலி' என்று எழுதும். மூன்றாவது பிள்ளைக்குத்தான் நான் மதிப்பெண் தருவேன். மற்ற இரண்டும் ஏன் தவறு என்பதில்தான் முழுப் பாடமும் இருக்கிறது.

மணநிலையைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகள் உண்மையில் நான்கு. மணம் எப்போதாவது நடந்ததா? நடந்த மணம் சட்டப்படி இன்றும் நீடிக்கிறதா? துணை உயிரோடு இருக்கிறாரா? இருவரும் சேர்ந்து வாழ்கிறார்களா? ஒவ்வொரு சொல்லும் இவற்றில் ஏதோ ஒன்றுக்குத்தான் நேரடியாகப் பதில் சொல்கிறது. 'மணமாகாதவர்' முதல் கேள்விக்கான பதில். அதன் எதிர்ச்சொல் 'மணமானவர்'. 'மணவிலக்குப் பெற்றவர்' இரண்டாவது கேள்விக்கு உரியது. 'விதவை' மூன்றாவதற்கு. 'பிரிந்து வாழ்பவர்' நான்காவதற்கு. எதிர்ச்சொல்லை அதே கேள்விக்குள் தேட வேண்டும். விதவையும் மணமானவர்தான், மணமாகாமல் யாரும் விதவையாக முடியாது. ஆகவே 'மணமானவள்' விதவைக்கு எதிராக நிற்க முடியாது. 'கன்னி' வேறு கேள்வியிலிருந்து வந்த பதில். கணவன் உயிரோடிருக்கும் பெண் என்ற பொருளில் 'சுமங்கலி' மட்டுமே அதே கேள்விக்கு மறுபக்கத்தில் நிற்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மணநிலையை ஐந்தாகப் பிரித்து எண்ணியது: ஒருபோதும் மணமாகாதவர், தற்போது மணவாழ்வில் இருப்பவர், துணையை இழந்தவர், பிரிந்து வாழ்பவர், மணவிலக்குப் பெற்றவர். 'ஒருபோதும்', 'தற்போது' என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். தமிழின் 'மணமானவர்' காலத்தைச் சொல்லாது. நேற்று மாலை மாற்றியவரும் மணமானவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் கணவனை இழந்தவரும் மணமானவர். படிவத்தில் குழப்பம் வரும் என்று தோன்றினால் அந்த இரண்டு சொற்களில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: மறுப்பு எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள்

தமிழில் மறுப்பு பல வழிகளில் வரும். 'மணமான' என்பதற்கு 'மணமாகாத' என்பது நேரான மறுப்பு. 'மணமற்ற' என்று எழுதிவிடாதீர்கள். மணம் என்றால் திருமணமும்தான், நறுமணமும்தான். 'மணமற்ற பெண்' என்று படிப்பவர் வாசனையில்லாத பூவைத்தான் நினைப்பார். ஐயம் இருந்தால் 'திருமணமாகாத' என்று முழுதாக எழுதுவது நல்லது.

'இன்னும் மணமாகாத' என்ற தொடரில் வரும் 'இன்னும்' என்ற சொல்லை நான் எப்போதும் அடித்துவிடுவேன். நிலையைச் சொல்லும் சொல்லுக்குள் அது ஒரு கண்டனத்தை நுழைக்கிறது. 42 வயதில் தனியாக நிமிர்ந்து வாழும் ஒரு செவிலியரைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லுக்கு என்ன வேலை?

வடசொல் வழி வந்தவற்றில் 'அ' என்ற முன்னொட்டு மறுப்பைச் செய்கிறது. மலையாளத்தில் விவாஹிதன்–அவிவாஹிதன், விவாஹித–அவிவாஹித என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அச்சில் வார்த்தது போல வருகின்றன, அதில் குற்றமில்லை. 'சுமங்கலி–அமங்கலி' என்ற இணையில்தான் அந்த ஓரெழுத்து கொடுமை செய்கிறது. 'சுமங்கலி' என்பதில் கணவன் என்ற பொருள் தரும் உறுப்பே கிடையாது. நன்மங்கலம் உடையவள் என்பதுதான் சொற்பொருள். மங்கலத்தைக் கணவனோடு கட்டிவைத்தது வழக்கம். ஆகவே 'அமங்கலி' என்று சொல்லும்போது கணவன் இறந்தான் என்ற செய்தி சொல்லப்படுவதில்லை. அந்தப் பெண்ணே மங்கலமற்றவள் என்ற தீர்ப்பு சொல்லப்படுகிறது. எதிர்ச்சொல் பட்டியலில் பொருளுக்காக அது இருக்கலாம். ஒரு மனிதரை அழைக்க, படிவத்தில் எழுத, அது ஒருநாளும் வேண்டாம்.

அச்சுப் பிழை பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'மணமுடித்தவர்' என்றால் திருமணம் செய்தவர். 'மணமுறித்தவர்' என்றால் திருமணத்தை விலக்கிக்கொண்டவர். ஒரே ஓர் எழுத்து மாறினால் வாழ்க்கை தலைகீழாகிவிடும். முடி என்பது முடிச்சிடுதல், முறி என்பது ஒடித்தல். தாலியின் மூன்று முடிச்சை நினைத்துக்கொண்டு எழுதினால் தவறாது.

மூன்றாம் படி: ஆணுக்கு அந்தச் சொல் இருக்கிறதா என்று கேளுங்கள்

நான் அதிக நேரம் செலவிடும் படி இதுதான். பெண்ணைக் குறிக்கும் மணநிலைச் சொல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆண்பால் சொல்லை எழுதிப் பாருங்கள். தாள் வெறுமையாகக் கிடக்கும் இடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள்.

சுமங்கலி, கட்டுக்கழுத்தி, வாழ்வரசி: கணவன் உயிரோடிருக்கும் பெண்ணுக்கு இத்தனை அழகான பெயர்கள். மனைவி உயிரோடிருக்கும் ஆணுக்குத் தனிப்பெயர் எதுவும் இல்லை. அப்படிப் பெயர் வைக்க வேண்டிய தேவையை யாரும் உணரவில்லை. முதிர்கன்னிக்கு ஆண்பால் வழக்கில் இல்லை. வாழாவெட்டிக்கும் இல்லை. இந்தக் கடைசிச் சொல்லைச் சற்று நின்று பாருங்கள். கணவன் வீட்டை விட்டு வந்த பெண் பிறந்த வீட்டில் உழைக்கிறாள், உண்கிறாள், பிள்ளை வளர்க்கிறாள். ஆனாலும் அவள் 'வாழாத'வள். கணவனோடு இருப்பதை மட்டுமே வாழ்வு என்று கணக்கிட்ட சொல் அது. 'வாழ்க்கைப்பட்டாள்', 'வாழ வந்தவள்', 'வாழ்வரசி' எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. இதன் நேர் எதிர்ச்சொல் 'வாழ்பவள்'தான் என்று இலக்கணம் சொல்லும். என் அனுபவத்தில், அப்படி அழைக்கப்பட்ட பெண்களில் பலர் திரும்பி வந்த பிறகுதான் வாழத் தொடங்கினார்கள். 'கணவரைப் பிரிந்து வாழ்பவர்' என்று எழுதுங்கள். அதிலும் 'வாழ்பவர்' இருக்கிறது.

விதவை என்ற சொல்லை 'வி' என்ற மறுப்பும் 'தவன்' என்ற கணவனும் சேர்ந்தது என்று பிரித்துக் காட்டுவார்கள். சொல்லாராய்ச்சி வேறுவிதமாகச் சொல்கிறது. பிரிந்து தனித்திருத்தல் என்ற பொருளுடைய மிகப் பழைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. லத்தீனின் 'விதுவா', ஆங்கிலத்தின் 'விடோ' எல்லாம் அதன் உடன்பிறப்புகள். அந்த வடசொல்லைத் தவறாகப் பிரித்துத்தான் 'தவன்' என்ற சொல்லே பின்னாளில் உண்டானது. ஆக, விதவையின் அடிப்பொருள் தனித்துப் போனவர் என்பதுதான்.

தமிழில் இதற்கு இணையாகக் கைம்பெண் என்ற சொல் இருக்கிறது. அந்நிலைக்குப் பெயர் கைம்மை. மேடைகளில் அடிக்கடி ஒரு நயம் சொல்வார்கள்: 'விதவை' என்று எழுதினால் அதில் ஒரு பொட்டுக்கூட இல்லை, 'கைம்பெண்' என்று எழுதினால் இரண்டு பொட்டு வந்துவிடுகிறது. எழுத்தின் புள்ளியில்கூடப் பொட்டை மீட்டுக் கொடுக்க நினைத்த அந்த மனத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் என் தேர்வு 'கணவரை இழந்தவர்' என்பதுதான். காரணம் எளிது. 'மனைவியை இழந்தவர்' என்று ஆணுக்கும் அதே அச்சில் எழுதலாம். துயரம் இருவருக்கும் ஒன்று என்றால் சொல்லும் ஒன்றாக இருக்கட்டும்.

ஆணுக்கு ஒரு காலத்தில் தனிச்சொல் இருந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. தொல்காப்பியம், நிலையாமையைப் பேசும் காஞ்சித்திணையில் இரண்டு நிலைகளை அடுத்தடுத்து வைக்கிறது. காதலியை இழந்தவன் நிலை 'தபுதார நிலை', காதலனை இழந்தவள் நிலை 'தாபத நிலை'. தபுதல் என்றால் இறத்தல், தாரம் என்றால் மனைவி. தபுதாரன் என்ற சொல் அங்கிருந்து வந்தது. புறநானூற்றின் 245ஆம் பாட்டில், மனைவியை ஈமத்தீயில் கிடத்திவிட்டு வந்த சேர மன்னன் மாக்கோதை, அவள் போன பின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணி நொந்துகொள்கிறான். மலைக்கு இந்தப் பக்கத்தை ஆண்ட மரபைச் சேர்ந்த ஒருவன் தமிழில் அழுதது அது. பின்னர் தபுதாரன் வழக்கொழிந்துவிட்டது. கைம்பெண் மட்டும் நின்றுவிட்டாள். ஏன் என்று யோசித்தால், ஆணுக்கு இரண்டாம் தாரம் உடனே வந்துவிட்டதால் அந்த நிலைக்குப் பெயர் தேவைப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பெண்களுக்கும் மறுமண வழக்கம் பல சமூகங்களில் இருந்தது. அதன் பெயர் 'அறுத்துக்கட்டுதல்'. அந்த வழக்கமே இழிவு என்று கருதப்பட்டபோது சொல்லும் இழிசொல்லாக்கப்பட்டது. தாலியறுத்தவள், அறுதலி போன்றவை இன்று வசைகள். பொருள் தெரிந்திருக்கட்டும், நாவில் வர வேண்டாம்.

அடைமொழிகளிலும் இதே சாய்வு உண்டு. செல்வி என்றால் மணமாகாதவர், திருமதி என்றால் மணமானவர். 'திரு' என்பதிலிருந்து ஆணின் மணநிலையை யாராலும் சொல்ல முடியாது. செல்வன் என்பது சிறுவருக்கும் மணமகனுக்கும் மட்டும் வரும். ஆகவே 'செல்வி'யின் எதிர்ச்சொல் 'திருமதி'. 'செல்வன்' அதன் ஆண்பால், எதிர்ச்சொல் ஆகாது. அழைப்பிதழில் வரும் திருவளர்செல்வன், திருநிறைசெல்வன் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த வீட்டில் இன்னும் மணமுடிக்க வேண்டிய பிள்ளைகள் இருந்தால் 'திருவளர்', இதுவே கடைசித் திருமணம் என்றால் 'திருநிறை' என்பது வழக்கம். இரண்டும் வினைத்தொகை, நடுவில் 'ச்' போடக் கூடாது.

நான்காம் படி: ஒரு சொல்லுக்குப் பல எதிர்ச்சொல் இருந்தால், எந்தப் பொருளில் வருகிறது என்று பாருங்கள்

இந்தப் பாடத்துக்கு எங்கள் மலையே பெரிய புத்தகம். குளத்துப்புழையில் ஐயப்பன் பாலகன். ஆரியங்காவில் மணமகன், மார்கழியில் புஷ்கலையோடு திருக்கல்யாண விழா நடக்கும்போது மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வந்து நிற்பார்கள். அச்சன்கோவிலில் பூரணை, புஷ்கலை இருவரோடும் வீற்றிருக்கும் கிருகஸ்தன். சபரிமலையில் நைஷ்டிக பிரம்மச்சாரி, அதாவது வாழ்நாள் முழுவதும் மணம் கொள்ளாதவர். ஒரே தெய்வத்தின் நான்கு நிலைகளை ஒரே மலைத்தொடரில் பார்த்துவிடலாம்.

இப்போது 'பிரம்மச்சாரி'யின் எதிர்ச்சொல்லைக் கேளுங்கள். வாழ்க்கையை நான்கு நிலைகளாகப் பிரித்த மரபில் அது கல்வி பயிலும் முதல் நிலை, அடுத்தது கிருகஸ்தம். அந்தப் பொருளில் எதிர்ச்சொல் கிருகஸ்தன், தமிழில் இல்லறத்தான். சபரிமலைக்கு எதிரே அச்சன்கோவிலை வையுங்கள், விளங்கிவிடும். பேச்சில் பிரம்மச்சாரி என்றால் வெறுமனே மணமாகாத ஆண். அப்போது எதிர்ச்சொல் 'குடும்பஸ்தன்' அல்லது 'மணமானவன்'. துறவியும் மணவாழ்வில் இல்லாதவர்தான், ஆனால் மணந்து வாழ்ந்துவிட்டு அதை விட்டவராகவும் அவர் இருக்கலாம். ஆகவே துறவறத்துக்கு எதிர் இல்லறம். பிரம்மசரியத்தை அங்கே கொண்டுவரக் கூடாது.

'கன்னி' இன்னும் நுட்பமானது. முதல் முறையாகச் சபரிமலைக்கு மாலை போடும் ஆண் 'கன்னிச்சாமி'. மனைவியும் நான்கு பிள்ளைகளும் உள்ளவர்கூடக் கன்னிச்சாமிதான். அங்கே கன்னி என்றால் முதல் தடவை. சட்டமன்றத்தில் கன்னிப்பேச்சு என்பதும் அதே பொருள்தான். கன்னிச்சாமிகள் வராத ஆண்டில் மாளிகைப்புறத்து அம்மனை மணப்பதாக ஐயப்பன் வாக்குக் கொடுத்தார் என்பது ஐதிகம். சரங்குத்தியில் கன்னிச்சாமிகள் குத்திய சரக்கோல்களைப் பார்த்துவிட்டு அம்மன் ஆண்டுதோறும் திரும்பிப் போகிறாள். ஒரு கன்னி மணமாகாமல் இருப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண் 'கன்னி'கள் காரணமாக இருக்கும் கதை இது. தெற்கே குமரிமுனையில் நடக்காமல் போன திருமணத்துக்காகக் காத்து நிற்கும் அம்மனிடம் கன்னி என்ற சொல் மணமாகாதவள் என்ற முதல் பொருளிலேயே நிற்கிறது.

ஆக, கன்னிக்கு எதிர்ச்சொல் கேட்டால் பார்க்க வேண்டிய பொருள் மூன்று. மணமாகாத பெண் என்ற பொருளில் 'மணமானவள்'. முதல் முறை என்ற பொருளில், சபரிமலையைப் பொறுத்தவரை, முன்பே மலைக்குப் போய்வந்த 'பழமலை'க்காரர். உடல் தொடர்பான பொருளில் எதிர்ச்சொல் தேட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது வேறு யாருக்கும் தேவையில்லாத செய்தி. எந்தப் படிவத்திலும் அதற்கு இடமில்லை.

ஐந்தாம் படி: எல்லை தாண்டும்போது சொல்லைச் சோதித்துப் பாருங்கள்

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூரிலும், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும்தான் இருந்தது. ஆகவே இரண்டு மொழியும் இங்கே ஒரே முற்றத்தில் வளர்ந்தவை. உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் சொற்கள் பொருளில் பிரிந்து நிற்கும். மணநிலையில் இது ஆபத்து.

'என் சம்சாரம்' என்று தமிழர் சொன்னால் மனைவி. மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. 'சம்சாரம் இல்லை' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் இவர் பேசுவதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம், மனைவி இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் 'பார்ய' என்று சொல்லப் பழக்குகிறேன். 'கல்யாணம் கழிஞ்ஞோ' என்று மலையாளி கேட்பது திருமணம் ஆகிவிட்டதா என்று. கழிதல் என்றால் நீங்குதல் என்று பழகிய புது மருமகள் ஒருத்தி, தன் திருமணம் தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறார்கள் போலும் என்று நினைத்துக் கண்கலங்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். அங்கே கழிஞ்ஞு என்றால் நிறைவேறியது.

தமிழில் மொழி என்றால் சொல், பாஷை. மலையாள முஸ்லிம்களிடையே 'மொழி சொல்லுதல்' என்றால் தலாக் சொல்லுதல். சம்பந்தம் நமக்குத் தொடர்பு. சம்பந்தி பிள்ளையைக் கொடுத்தவர் அல்லது பெண்ணைக் கொடுத்தவர். தாய்வழியே குடும்பம் தொடர்ந்த பழைய நாயர் மருமக்கள்வழி முறையில் சம்பந்தம் என்பது மண உறவே. பெண் தன் தாய்வீட்டிலேயே இருப்பாள், கணவன் வந்து போவான். அப்படிப்பட்ட வீட்டில் 'வாழாவெட்டி' என்ற சொல்லுக்குக் காலூன்ற இடமே இல்லை. அந்த முறையைத் தளர்த்தி 1925இல் திருவிதாங்கூர் நாயர் சட்டம் வந்தது. கேரளம் முழுவதற்குமாகக் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் 'சம்பந்தம்' என்ற சொல்லின் பழைய பொருள் முதியவர்களின் நினைவுக்குச் சுருங்கிவிட்டது. தென் திருவிதாங்கூரில் மண உறவை விட்டு ஒழியும் பத்திரத்துக்கு 'ஒழிமுறி' என்று பெயர். இன்றைய மலையாளத்தில் விவாஹமோசனம், தமிழில் மணவிலக்கு அல்லது விவாகரத்து.

மனைவியை இழந்தவருக்கு மலையாளத்தில் 'விபார்யன்' என்ற சொல் வழக்கில் இருக்கிறது. விதவ–விபார்யன் என்று இணையாக எழுதுகிறார்கள். நாம் தபுதாரனைத் தொலைத்துவிட்ட இடத்தில் அவர்கள் ஒரு சொல்லை வைத்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறாமையாகவே இருக்கும். தனியாளுக்கு நாம் ஒண்டிக்கட்டை என்கிறோம், அவர்கள் ஒற்றத்தடி என்கிறார்கள். கட்டையும் தடியும் ஒரே மரம்தான்.

ஆறாம் படி: சட்டத்தின் கண்ணில் நிலை என்ன என்று உறுதி செய்யுங்கள்

ஊர் சொல்வதும் சட்டம் சொல்வதும் பல நேரம் வேறு. நிச்சயதார்த்தம் முடிந்து பரிசம் போட்ட பெண்ணை ஊர் பாதி மணமானவளாகப் பார்க்கும். சட்டப்படி அவர் மணமாகாதவர். பஞ்சாயத்துப் பேசி, நகையைத் திருப்பிக் கொடுத்து, 'தீர்த்துவிட்டோம்' என்று சொன்னவர்கள், தங்கள் சமூகத்தில் சட்டம் ஏற்கும் வழக்கம் இல்லாதவரை, இன்றும் மணமானவர்களே.

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் நீதிமன்றம் பிரித்து வைப்பது ஒன்று, மணவிலக்கு அளிப்பது வேறொன்று. முன்னதில் இருவரும் சேர்ந்து வாழ வேண்டிய கடமை நின்றுபோகிறது, மணம் நிற்பதில்லை. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தால் அது செல்லாது. மணவிலக்கு கிடைத்த பிறகும் மேல்முறையீட்டுக்கான காலம் கடந்திருக்க வேண்டும். திருமணமே செல்லாது என்று நீதிமன்றம் அறிவிப்பது மூன்றாவது வகை. அவரை மணவிலக்குப் பெற்றவர் என்று எழுதுவது பிழை. முஸ்லிம் பெண்களுக்கு இத்தா என்ற காத்திருப்புக் காலம் இருக்கிறது. கணவர் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள். கர்ப்பமாக இருந்தால் பிள்ளை பிறக்கும் வரை. அந்த நாட்களில் அவர் கணவரை இழந்தவர், ஆனால் மறுமணத்துக்கு உரியவராக இன்னும் ஆகவில்லை. இரண்டே பெட்டிகள் உள்ள படிவத்தில் இந்த நிலை அடங்காது. அதை வரியாகத்தான் எழுத வேண்டும்.

கணவர் ஏழு ஆண்டுகளாக உயிரோடிருப்பதாக எந்தத் தகவலும் இல்லை என்றால் அதன் அடிப்படையில் மணவிலக்குக் கோரலாம். தகவல் இருந்து, அவர் திரும்பி வராமல் இருந்தால் அது கைவிடுதல். 'காணாமல் போனவர்', 'கைவிட்டுப் போனவர்' என்ற இரண்டு சொற்களையும் தயவுசெய்து கலக்காதீர்கள். நான் தொடக்கத்தில் சொன்ன பெண்ணின் எட்டு மாதமும் இது போன்ற ஒரு கலப்பில்தான் போயிற்று.

கேரளத்தில் 50 வயது கடந்த மணமாகாத பெண்களுக்கு ஓய்வூதியத் திட்டம் உண்டு. அதில் 'அவிவாஹித' என்றால் ஒருபோதும் மணமாகாதவர். 'இப்போது யாரும் இல்லை' என்ற பொருளில் அதைக் குறிக்கக் கூடாது. கணவரை இழந்தோருக்கான ஓய்வூதியத்தில் 'மறுமணம் செய்துகொள்ளவில்லை' என்ற சான்றிதழ் கேட்பார்கள். அங்கே 'மணமாகவில்லை' என்று எழுதினால் பொருள் வேறாகிவிடும். 'மறு' என்ற இரண்டெழுத்தை விடாதீர்கள். 2008ஆம் ஆண்டு விதிகளின்படி கேரளத்தில் எந்த மதத்தவரானாலும் திருமணத்தை உள்ளூர்ப் பதிவாளரிடம் 45 நாட்களுக்குள் பதிய வேண்டும். மறுமணம் செய்தவருடைய இன்றைய நிலை 'மணமானவர்'. பழைய இழப்பை ஒவ்வொரு தாளிலும் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை.

இந்த ஆறு படிகளையும் வைத்து அந்தப் பெண்ணுக்கு மனுவை நான் மறுபடி எழுதினேன். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். மணம் நடந்ததா? நடந்தது. சட்டப்படி நீடிக்கிறதா? நீடிக்கிறது. அவர் உயிரோடிருக்கிறாரா? இருக்கிறார். சேர்ந்து வாழ்கிறீர்களா? இல்லை. கிடைத்த பதில்களைச் சேர்த்து, 'மணமானவர். கணவரால் கைவிடப்பட்டு 12 ஆண்டுகளாகத் தனித்து வாழ்பவர்' என்று தமிழில் எழுதி, கீழே மலையாளத்திலும் எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"டீச்சர், எனக்கு இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு என்ன பெயர் எழுதுவீர்கள்?" என்று கேட்டார்.

வாழாவெட்டிக்கு ஆண்பால் தேடிய அதே வெறுந்தாள் என் முன்னே கிடந்தது. சற்று யோசித்துவிட்டு, கணவர் பெயருக்கு நேராக 'மனைவியைக் கைவிட்டவர்' என்று எழுதினேன். அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.